அன்னை ஆயிஷாவின் இரண்டாவது ஓட்டம்

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் இருந்தார்கள். உடன் வந்த தோழர்களை முன்னே செல்லுமாறு பணித்துவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தம்முடன் ஓடிப் பார்க்க அழைத்தார்கள். இருவரும் ஓடினார்கள். அன்னையார் முந்திவிட்டார்கள். நாயகம் அவர்கள் அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. காலம் சென்றது. அன்னையாருக்கு உடலில் சதை பிடித்தது. பழைய ஓட்டமும் நினைவிலிருந்து அகன்றது. பின்னொரு பயணத்தில் மீண்டும் அதே அழைப்பு வந்தது. மீண்டும் ஓடினார்கள். இம்முறை முந்தியவர்கள் நாயகம் அவர்கள். அன்றைய ஓட்டத்துக்கு இன்றைய ஓட்டம் ஈடாயிற்று என்னும் கருத்துப்படச் சிரித்தார்கள். அபூதாவூத் நூலில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

இதனை மேடைகளில் எடுத்துரைப்போர், இல்லறத்தில் இனிமை வேண்டும் என்பதற்குச் சான்றாகவே எடுத்துரைக்கின்றனர். அது சரியே. எனினும் இச்செய்தியில் நாம் கடந்து சென்றுவிடும் ஓர் இடம் உண்டு. தம் உடல் பருத்ததை அன்னையார் தாமே அறிவிக்கிறார்கள். பிறர் சொல்லி நாம் அறியவில்லை. மறைக்க வேண்டிய ஒன்றாக அவர்கள் அதைக் கருதவும் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல் இயல்பாகச் சொல்லிச் செல்கிறார்கள். பெருமானாரோ, பருத்துவிட்டாய், இனி உன்னால் ஓட இயலாது என்று ஒதுக்கவில்லை. முன்பு எப்படி அழைத்தார்களோ அப்படியே அழைத்தார்கள். தோற்றவரின் உடலைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நம் கோவை மாநகரின் திருமண மண்டபம் ஒன்றில் வலீமா விருந்தின்போது சற்று நேரம் அமர்ந்து, சுற்றி நடக்கும் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். ஈராண்டுக்குப் பின் சந்திக்கும் உறவினர்கள் ஸலாம் சொன்ன மறுகணம் வாயிலிருந்து உதிர்ப்பது எது? "என்னம்மா, இப்படி ஊதிப் போய்விட்டாய்?" இருபது வயதுப் பெண்ணிடம், பத்துப் பேர் நடுவில், அன்புடன்தான் கேட்கிறார்கள். அந்தப் பெண் சிரித்து மழுப்புகிறாள். அன்றிரவு அவள் உண்பதில்லை. அடுத்த விருந்துக்கு அவள் வருவதும் இல்லை. சம்பந்தம் பேச வந்தவர்கள், பிள்ளைக்குப் பெண் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறாள் என்று தரகர் வழியே சொல்லி அனுப்புகிறார்கள். அந்தச் சொல் அவள் காதுக்கு எட்டாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். எட்டாமல் இருக்குமா?

ஆண் பிள்ளைகள் நிலை மட்டும் வேறா? பட்டப்பெயர் சூட்டுவதில் நாம் வல்லவர்கள். குண்டன், தடியன், யானைக்குட்டி என்று தெருவில் சூட்டிய பெயர், கல்லூரி முடித்து வேலைக்குப் போன பின்னும் ஒருவனைத் தொடர்கிறது. ஒருவரையொருவர் எள்ளி நகையாட வேண்டாம், பழிப்புப் பெயர்களால் அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று சூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆம் வசனம் விலக்கியிருக்கிறது. அதே வசனம் பெண்களைத் தனியாகக் குறிப்பிட்டும் விலக்குகிறது. வட்டியை ஹராம் என்கிறோம். மதுவை ஹராம் என்கிறோம். இந்த வசனத்தை மட்டும் நிக்காஹ் மண்டப வாசலில் செருப்போடு கழற்றி விட்டுவிடுகிறோம்.

அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் குள்ளமானவர் என்பதைச் சுட்டி ஒரு முறை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஏதோ சொல்லிவிட்டார்கள். கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடக்கூடிய சொல் அது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உருவம் பற்றிய ஒரே ஒரு சொல்லுக்கு அத்தனை கடுமை! நம் வீடுகளில் ஒரு நாளில் எத்தனை கடல்கள் கெடுகின்றன?

இதைச் சொல்வதால், உடல் பருமன் ஒரு பொருட்டே அன்று என்று நான் வாதாடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். அதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஆய்வில் இந்த எண்கள் முறையே 31, 28 என்ற அளவில்தான் இருந்தன. மேலும் நம் நாட்டவர்க்கு ஒரு தனிக்குறை உண்டு. ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு நீரிழிவும் இதய நோயும் வந்துவிடுகின்றன. ஆகவேதான் இந்திய மருத்துவர்கள் அளவுகோலையே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 59 கிலோவை எட்டும்போதே எச்சரிக்கை கொள்ள வேண்டும். 64 கிலோவைத் தாண்டினால் பருமன் என்றே கணக்கு. இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பருமன் எங்கிருந்து வந்தது? கொங்கு நாட்டு முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் ராவுத்தர்கள். அப்பெயரே குதிரை வீரரைக் குறிப்பது. குதிரையும் சந்தையும் சுமையுமாக அலைந்த முன்னோரின் பேரப்பிள்ளைகள் இன்று ஒப்பணக்காரத் தெருவிலும் பெரிய கடை வீதியிலும் கல்லாவின் முன் காலை பத்து மணிக்கு அமர்ந்து, இரவு பத்து மணிக்கு எழுகிறார்கள். இடையில் நான்கு முறை தேநீர். ஒவ்வொரு தேநீருக்கும் அடுத்த பேக்கரியிலிருந்து தேங்காய் பன்னோ பப்ஸோ. பேக்கரிகளுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. மாலையில் தள்ளுவண்டிக் காளான். கடையை அடைத்துவிட்டுச் செல்லும் வழியில் புரோட்டா. வீட்டில் தாய் காத்திருந்து பரிமாறும் இரவு உணவு தனிக்கணக்கு.

இதே கொங்கு மண்ணில்தான் கம்பங்கூழும் சோளச் சோறும் ராகிக் களியும் அன்றாட உணவாக இருந்தன. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொன்ன தமிழகத்தில், கொள்ளுப் பருப்பைக் கடைந்து சோற்றில் பிசைந்து உண்ணும் பழக்கம் இன்றும் அழியாதிருப்பது கொங்கு வீடுகளில்தான். அதைப் பழைய காலத்து உணவு என்று ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகள் பொட்டலத்தில் வரும் சத்துமாவை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள்.

உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தைத் திருமறையின் அஃராஃப் அத்தியாயம் 31-ஆம் வசனம் தொழுகைக்குரிய ஆடையலங்காரத்தோடு சேர்த்தே பேசுகிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைப் பானத்துக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியதை அறியாத முஸ்லிம் இல்லை. அறிந்ததை நாம் எங்கே விட்டுவிடுகிறோம் என்று தேடினால், வியப்பாக இருக்கும், ரமலான் மாதத்திலேயே விட்டுவிடுகிறோம். கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் கரும்புக்கடையிலும் நோன்பு மாலைகளில் எண்ணெய்ச் சட்டிகள் ஓய்வதில்லை. பள்ளிவாசலில் ஊற்றும் நோன்புக் கஞ்சி ஒன்றே வயிற்றுக்குப் போதுமானது, இதமானது. ஆனால் கஞ்சிக்குத் துணையாக வடையும் சமோசாவும், பிறகு தராவீஹுக்குப் பின் பிரியாணியும், சஹருக்கு மறுபடியும் ஒரு முழுச் சாப்பாடும். நோன்பு மாதத்தில் சராசரியாக ஒரு கிலோ அளவுக்கு எடை குறைவதும், பெருநாள் முடிந்த சில வாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுவதும் பல நாடுகளின் ஆய்வுகளில் கண்ட உண்மை. பகலில் விட்டதையெல்லாம் இரவில் சேர்த்து உண்பவன் நோன்பின் நோக்கத்தையே இழக்கிறான் என்று 1111-ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அன்றே எழுதி வைத்தார்கள். பிரியாணி அன்று இவ்வளவு மலிவாக இருந்திராது என்று எண்ணுகிறேன்.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். எடையைக் குறைக்க முனையும் இளைஞர்களையும் இளம் பெண்களையும் இன்று இயக்குவது பெரும்பாலும் வெட்கம். நாலு பேர் சிரிக்கிறார்களே, சம்பந்தம் தட்டிப் போகிறதே, கண்ணாடியைப் பார்க்க முடியவில்லையே என்ற வெட்கம். மெலிந்த பிறகுதான் தலைநிமிர்வேன் என்று சபதம் செய்துகொள்கிறார்கள். அந்த வெட்கம் ஒரு மாதம் பட்டினி கிடக்கச் செய்யும். மறு மாதம் இரு மடங்கு உண்ணச் செய்யும். அதற்கு அவசரம் மட்டுமே தெரியும்.

அவசரம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு உலகமே பார்த்த ஒரு சான்று உண்டு. குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலி 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் நின்றார். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார், உடலும் பருத்திருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸை எதிர்த்து மீண்டும் களமிறங்கினார். அதற்குள் பதினைந்து கிலோ அளவுக்கு எடை இறங்கியிருந்தது. நரையை மறைத்து, இடை சிறுத்து, இளமைக் காலத்து அலியைப்போலவே தோன்றினார் என்று கண்டவர்கள் வியந்தார்கள். ஆனால் தைராய்டு மாத்திரைகளையும் உட்கொண்டு குறைத்த எடை அது. தோற்றம் திரும்பியது, வலிமை திரும்பவில்லை. பத்துச் சுற்றுகள் அடி வாங்கிய பின் அவருடைய பயிற்சியாளரே போட்டியை நிறுத்தச் செய்தார். ஒரு காலத்தில் ஈடிணையற்றிருந்த உடலின் உரிமையாளருக்கே கண்ணாடி அப்படி ஏமாற்றம் தந்தது என்றால், இரண்டே மாதத்தில் உடலை மாற்றித் தருகிறோம் என்று அழைக்கும் விளம்பரத்தை நம்பி, பெயர் தெரியாத பொடியையும் ஊசியையும் ஏற்றிக்கொள்ளும் நம் பிள்ளையின் கதி என்ன?

மருத்துவம் வேண்டாம் என்பதல்ல. நோய்க்கு மருந்து தேடுமாறு கட்டளையிட்டவர்கள் நம் நாயகம் அவர்கள். நம் கோவை இராமநாதபுரத்தையே பாருங்கள். உடற்பயிற்சியால் பெயர் பெற்று, ஜெர்மானிய பலசாலி சாண்டோவின் பெயரையே பட்டமாகச் சூடிக்கொண்ட சின்னப்பா தேவர் பிறந்த பகுதி அது. மில் தொழிலாளிகள் ஓய்வு நேரத்தில் கர்லாக் கட்டை சுழற்றிய காலம் ஒன்று இருந்தது. இன்று அதே இராமநாதபுரத்தில், பங்கஜா மில் சாலையில் இருக்கும் ஜெம் மருத்துவமனையில் பருமனுக்கு அறுவைச் சிகிச்சை நடைபெறுகிறது. பசியைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைக்கும் வாராந்தர ஊசிகளும் 2025-ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. நோயின் அளவுக்கு ஏற்ப, தக்க மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அவற்றை ஏற்பதில் இழுக்கு ஏதும் இல்லை. சம்பந்தம் பேசும் தேதிக்குள் மெலிய வேண்டும் என்பது நோயின் அளவு ஆகாது.

உடல் நமக்குச் சொந்தமானது அன்று, அமானத்து. உன் உடலுக்கு உன்மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது யாரிடம்? இடைவிடாது நோன்பு நோற்று உடலை வருத்திக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) என்ற இளைஞரிடம். உண்டு கெடுப்பதும் பட்டினியால் கெடுப்பதும் அந்த உரிமையைப் பறிப்பவையே. அமானத்தைப் பேணுபவன் அதனிடம் வெட்கம் கொள்வதில்லை, வெறுப்பதுமில்லை. கடையில் பிறர் கொடுத்து வைத்த பொருளைத் தூசி தட்டி வைப்பதுபோல், அமைதியாக, நாள்தோறும் பேணுகிறான்.

என் உறவினர் ஒருவர், பெரிய கடை வீதியில் தந்தையின் கடையைக் கவனிப்பவர், வயது 26. பந்து விளையாட்டை விட்டார்; நண்பர்களோடு குளிக்கச் செல்வதை விட்டார்; ஜும்ஆவில் கடைசி வரிசையைத் தேடி நிற்கத் தொடங்கினார். ஸஜ்தாவில் சட்டை மேலேறுவதைப் பின்னால் இருப்பவர் பார்ப்பாரே என்ற அச்சம். ஒரு நாள் அவருடைய அத்தா, எடையைப் பற்றி ஒன்றும் பேசாமல், ஃபஜ்ருக்குப் பின் என்னோடு நடந்து வா, எனக்குத் துணை வேண்டும் என்றார். உக்கடம் பெரிய குளத்துக் கரையில் நடந்தார்கள். இரவில் புரோட்டா நின்றது. தேநீரோடு பன் நின்றது. ஓராண்டில் 11 கிலோ குறைந்தது. துணிவு எப்போது திரும்பியது என்று அவரிடம் கேட்டேன். எடை குறைந்த பிறகு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. மூன்றாம் வாரம், எடைக் கருவி அரைக் கிலோகூட அசையாத நிலையில், கடையின் மாடிப்படியை மூச்சிரைக்காமல் ஏறிவிட்ட நாளில், இந்த உடல் என் பேச்சைக் கேட்கிறது என்று தோன்றியதாம். பின்னர் மூன்று கிலோ மீண்டும் ஏறியிருக்கிறது. அதற்காக அவர் கடைசி வரிசைக்குத் திரும்பிவிடவில்லை.

இது ஒருவருடைய அனுபவம் மட்டும் அன்று. நீரிழிவை நெருங்கிவிட்ட 531 பேரைக் கொண்டு சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டு நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை! எடைக் கருவியின் முள் அசையாத காலத்திலும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருக்கிறது. முள்ளைப் பார்த்து மனம் உடைந்து பாதியில் விடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நடப்பது நபிவழியும் ஆகும். மேட்டிலிருந்து இறங்குபவரைப்போல் விரைந்து நடப்பது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம். சனிக்கிழமைதோறும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள குபா பள்ளிக்குச் சில வேளை வாகனத்திலும் சில வேளை கால்நடையாகவும் சென்றார்கள். ரேஸ் கோர்ஸ் சாலையை ஒரு முறை சுற்றினால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். ஆண்கள் அங்கே செல்லட்டும், குளக்கரைக்குச் செல்லட்டும்.

நம் பெண்கள் எங்கே செல்வார்கள்? குறுகிய சந்துகளும் நெருக்கமான வீடுகளும் கொண்ட கோட்டைமேட்டில், பர்தா அணிந்த இளம் பெண் அதிகாலையில் தனியே வேகமாக நடந்தால் எத்தனை சன்னல்கள் திறக்கும் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? வீட்டில் அடைத்து வைத்து, நல்லது பொல்லாததையெல்லாம் உண்ணக் கொடுத்து, பிறகு பருத்துவிட்டாள் என்று குறை சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் பெரிய உடல்வாகு கொண்டவர்கள். ஒருநாள் இரவு தேவைக்காக வெளியே சென்றபோது, அந்த உருவத்தைக் கொண்டே உமர் (ரலி) அவர்கள் அடையாளம் கண்டு குரல் கொடுத்துவிட்டார்கள். மனம் வருந்தித் திரும்பிய அன்னையார் நாயகத்திடம் முறையிட்டார்கள். அப்போதே வஹீ இறங்கியது. பெண்கள் தம் தேவைகளுக்காக வெளியே செல்ல அனுமதி உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவிலிருந்து கூட்டத்துக்கு முன்பே புறப்பட அதே அன்னையார் அனுமதி கேட்டார்கள். உடல் கனத்தவர், மெதுவாக நடப்பவர் என்பதால் அனுமதியும் கிடைத்தது. கனத்த உடலுக்காக அவர்களை வீட்டில் இருக்கச் சொல்லவில்லை; அவர்கள் நடப்பதற்கு வழி விடப்பட்டது.

நம்மாலும் வழி விட முடியும். கோவையிலும் திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலை ஊர்களிலும் பல ஜமாஅத்துகளுக்குச் சொந்தமாக மண்டபங்கள் இருக்கின்றன. நிக்காஹ் இல்லாத நாள்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம், பெண்களுக்கு மட்டும் என்று அந்தக் கதவுகளைத் திறந்துவிட்டால் என்ன? கருவிகள் எதுவும் வேண்டியதில்லை. சுற்றி நடக்க இடமும், காற்றும், பயிற்சி தெரிந்த ஒரு பெண்மணியும் இருந்தால் போதும். தாயும் மகளும் சேர்ந்து வருவார்கள். மாதம் ஒரு நாள் பெண் மருத்துவர் ஒருவரை அழைத்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்யலாம். எடைக் கருவியை மண்டபத்தின் நடுவில் வைக்காமல், திரைக்குப் பின்னால் வைத்தால் இன்னும் நல்லது.

மண்டபத்தின் வருமானம் கெடும் என்று ஒரு முத்தவல்லி அவர்கள் என்னிடம் தயங்கினார்கள். காலை ஆறு மணிக்கு எந்த ஊரில் பிரியாணிப் பந்தி நடக்கிறது?